என் வாசலில் ஒரு பொங்காலை

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திலேயே பிறந்து வளர்ந்து, தலையும் நரைத்த பிறகு, பொங்காலை அடுப்பைத் தீப்பெட்டி உரசிப் பற்ற வைத்த மகா முட்டாள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆற்றுகால் அம்பாளுக்குப் பொங்கலிடும் பொங்காலை பெண்களின் விழா. அன்றைக்கு எங்கள் தெரு முழுக்கச் செங்கல் அடுப்பும் மண்பானையும்தான். கோவில் அடுப்பில் ஏற்றும் தீ, அடுப்புக்கு அடுப்பு கைமாறி எங்கள் தெருவுக்கு வரும். வேறு தீ கூடாது. இது குழந்தைக்குக்கூடத் தெரியும்.

என் மனைவி வருஷம் தவறாமல் வாசலில் பொங்காலை இடுவாள். வேண்டுதல் என் ஆயுளுக்கு. சர்க்கரை, பிரஷர் எல்லாம் எனக்கு. போய்ச் சேர்ந்தது அவள். அம்பாளுக்கு ஆள் மாறிவிட்டது என்று துக்கம் கேட்க வந்தவர்களிடம் ஜோக் அடித்தேன். யாரும் சிரிக்கவில்லை, நானும்தான். பூஜை அறையைப் பூட்டிவிட்டேன்.

போன வருஷம் பொங்காலையன்று காலை, அவள் அடுப்பு வைக்கும் அதே இடத்தில் ஓர் அம்மா செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். நாகர்கோவில் பக்கம், இங்கே ஹோட்டலில் வேலையாம். விரட்டத்தான் போனேன். "சாரே, இதக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க, தண்ணி பிடிச்சிட்டு வாறேன்" என்று குடத்தோடு கிளம்பிவிட்டார். விரட்டப் போனவன் காவல்காரனானேன்.

கோவில் பக்கமிருந்து செண்டைச் சத்தமும் குலவையும் கேட்டன. பாவம், இவர் பின்தங்கிவிடுவாரே என்று எனக்குள் உபகார புத்தி கிளம்பியது. தீப்பெட்டியை எடுத்து வந்து உரசினேன். ஓலை குப்பென்று பிடித்தது.

"அய்யோ சாமி! எந்தா இது? கோவில் தீ வரண்டாமா?" என்று பக்கத்து அடுப்புக்காரி அலறினாள். ஓடிவந்த அம்மா குடத்துத் தண்ணீரை அப்படியே கொட்டினார். தீ அணைந்தது, விறகும் ஓலையும் நனைந்தன.

கோவில் தீ பக்கத்து அடுப்புக்கு வந்துவிட்டது. இவரிடம் காய்ந்த துரும்புகூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை. முந்தானையால் செங்கல்லைத் துடைத்துக்கொண்டே, "மகனுக்காக இடுறது, சாரே" என்றார்.

"உடம்பு சரியில்லையா?"

"கட்டட வேலையில சாரத்துலேருந்து விழுந்தான். நேர்ந்துக்கிட்டேன். போயிட்டான்."

"அப்புறமும் வந்து கும்பிடறேளே, எப்படிம்மா?"

"அவகிட்ட அழாம வேற ஆருகிட்டப் போயி அழ?"

எங்கள் வீட்டுப் பரண் ஞாபகம் வந்தது. அடுத்த பொங்காலைக்கென்று என் மனைவி காயவைத்துக் கட்டிப்போட்ட தென்னம்பாளைகள். அவள் போனபின் நான் தொடாதவை. இறக்கிக்கொண்டு வந்தேன். கண்ணில் நீர். தூசி என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். பக்கத்து அடுப்பிலிருந்து தீ வந்தது. பாளை சடசடவென்று பிடித்து, பானை பொங்கி வழிந்தது.

இப்போது தினமும் பூஜை அறையில் விளக்கு எரிகிறது. ஏன் அவளைக் கூட்டிக்கொண்டாய் என்று அம்பாளிடம் கேட்டுவிட்டுத்தான் ஏற்றுகிறேன். பதில் வந்ததில்லை. கேட்பதற்கு அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்ற தெம்பு மட்டும் வந்திருக்கிறது.

அந்தத் தெம்பு எனக்குக் கிடைத்தது அன்று மதியம்தான். கோவில் பூசாரி வந்து பானைகளில் தீர்த்தம் தெளித்தானதும் அந்த அம்மா வாழையிலையில் பொங்கலை வைத்து நீட்டினார். "அம்பாளோட நான் சண்டைம்மா, எனக்கு எதுக்கு?" என்றேன்.

"சண்டைன்னா சோறு வேண்டாமா? இலையப் பிடிங்க, சாரே."