குடையை விரிக்காமல் நடந்தவள்

மூன்று வருடத்துக்கு முன்பு, ஓணம் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது இது. எங்கள் வீடு பாறசாலைக்கும் கொல்லயிலுக்கும் நடுவில், ரயில் பாதையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கடிதம் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் பேசவும் வராது. வாயால் சொல்ல முடியாத காரியம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஒரே மகள். அவளுடைய அப்பா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அவள் திருவனந்தபுரத்தில் கார்ட்டூன் வரைகிற படிப்பு படித்தாள். அங்கேயே ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்தது. காலையில் பாசஞ்சரில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். வெளிநாட்டுப் பிள்ளைகள் டிவியில் பார்க்கிற கார்ட்டூனுக்கு இங்கே உட்கார்ந்து வரைய வேண்டும். கதை அங்கேயிருந்து வரும். பாட்டும் அங்கேயே போட்டுக்கொள்வார்கள். கடைசியில் பேர் எழுதிக் காட்டும்போது அவர்கள் பேர்தான் ஓடும். இவர்கள் வரைந்து அனுப்பினால் போதும். பக்கத்து வீட்டில் யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவைப்பேன். கல்யாணப் பிராயம் தாண்டிக்கொண்டிருக்கும் ஒருத்தி நாள் முழுக்கப் பூனை வரைகிறாள் என்று எப்படிச் சொல்வது?

லீவு நாளிலும் அவள் சும்மா இருப்பதில்லை. அறைக்குள் உட்கார்ந்து வரைந்துகொண்டே இருப்பாள். தாள் முழுக்க வெறும் கால்களாக இருக்கும். முழங்காலுக்குக் கீழே மட்டும், ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு கால். அதுவும் கம்பெனி வேலை என்றுதான் நினைத்தேன். வேண்டாம் என்று அவள் கசக்கிப் போடுகிறதை எடுத்து அடுப்பு பற்றவைக்க வைத்துக்கொள்வேன். கனத்த தாள், நின்று எரியும்.

சில ஞாயிற்றுக்கிழமை கொல்லயிலிலிருந்து ஒருவர் வருவார். இவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர், கோயில் திருவிழாவில் கானமேளைப் பாட்டுக் கச்சேரிக்குக் கீபோர்டு வாசிக்கிறவர். முன் அறையில் கதவைத் திறந்து வைத்து இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். நான் சாயா கொண்டு வைத்துவிட்டுத் திரும்பினால் பேச்சு நின்றுவிடும். அடுக்களைக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் மறுபடியும் தொடங்கும். என்னைப் பற்றி ஏதோ பேசுகிறார்கள் என்று தோன்றும். கேட்கக் கூச்சமாக இருக்கும்.

என் காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, ரப்பர் பால் எடுக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. அதிலிருந்து வலது கால் கொஞ்சம் இழுக்கும். கொஞ்சம்தான் என்று நான் நினைத்திருந்தேன். இருந்தாலும் கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குத்தான் எழுந்திருப்பேன். கூட்டம் கலைந்த பிறகு நடந்தால் யார் கண்ணிலும் பட வேண்டாம் அல்லவா?

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கழிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் வந்து கையைத் துடைத்துவிட்டு வரச் சொன்னாள். சாப்பாட்டு மேசையில் லாப்டாப்பை வைத்து எனக்கு ஒரு நாற்காலியும் இழுத்துப் போட்டிருந்தாள்.

முதலில் கம்பெனியில் செய்த ஒன்றைக் காட்டினாள். வெள்ளைக்காரச் சிறுமி ஒருத்தி பனியில் ஓடுகிறாள். பின்னால் மதில்மேல் ஒரு பூனை நடந்து வருகிறது. அந்தப் பூனை ஒவ்வொரு காலையும் பனிக்குள் வைத்து எடுத்து உதறுகிறதைப் பார்த்தால் நமக்கே குளிரும். நான் சொன்னேன், "வெளிநாட்டுக்காரன் வெளிநாட்டுக்காரந்தான் பிள்ளே. நம்ம ஆளுவளுக்கு இதெல்லாம் வருமா?"

"அந்தப் பூனை நடக்கது நான் வரைஞ்சதாக்கும் அம்மே," என்றாள்.

அவர்கள் சொல்லிக்கொடுத்து வரைந்திருப்பாய், அதுதான் இவ்வளவு லட்சணமாக வந்திருக்கிறது என்றேன். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவள் இன்னொன்றைப் போட்டாள். இது வேறொரு ஆள் செய்தது, பார்த்துவிட்டு மனதில் உள்ளதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றாள்.

ஆறு நிமிடம் இருக்கும். நம் பக்கத்துச் செம்மண் இடவழி, இரண்டு பக்கமும் ரப்பர் மரம். கைலி உடுத்து, தோளில் துவர்த்துத் துண்டு போட்ட ஒரு கிழவி, மடக்கின குடை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு போகிறாள். முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிகிறது. மழை வருகிறது. அவள் குடையை விரிக்கவில்லை. தோளில் கிடந்த துவர்த்தை எடுத்துக் குடையை நனையாமல் சுற்றி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டே நடக்கிறாள். ஒரு வீட்டு வாசலில் குடையைச் சாய்த்து வைத்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் திரும்பி வருகிறாள். கதை அவ்வளவுதான். பின்னால் ஒரு கொட்டுச் சத்தம், நடுநடுவே குழல் போல ஏதோ ஒன்று.

எனக்குச் சிரிப்பு வந்தது. குடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி நனைவாளா, கிறுக்கியா இவள் என்று கேட்டேன். கொட்டும் நொண்டுகிறது என்றேன். கடைசியில், "கோணிக் கோணி நடக்கா பாரு. வரையத் தெரியாதவன் வரைஞ்சதுபோல உண்டு. இது நம்ம நாட்டுக்காரன் செஞ்சதாக்கும், இல்லியா? பாத்தாலே தெரியும்," என்றும் சொல்லிவிட்டேன்.

மகள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அந்த அம்மைய பாத்தா ஆருபோல உண்டு?" என்று கேட்டாள்.

கொஞ்சம் யோசித்தேன். சந்தைக்கு மரச்சீனிக் கிழங்கு கொண்டுவரும் ஒருத்தி உண்டு, காலை இழுத்து இழுத்து நடப்பாள். அவளைப் போல இருக்கிறது என்று சொன்னேன். சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

"வேற ஆரும் தோணல்லியா?"

"வேற ஆரு உண்டு?"

"ஒண்ணுமில்ல," என்று அதை மூடினாள். பிறகு நான் கேட்காமலே போய்ச் சாயா போட்டுக் கொண்டுவந்தாள். திருவனந்தபுரத்தில் நடக்க இருந்த ஒரு படவிழாவுக்கு அதை அனுப்ப அன்றைக்குத்தான் கடைசி நாள் என்பது எனக்குத் தெரியாது. ஒன்றரை வருட லீவு நாள் முழுக்க அதில் போயிருக்கிறது என்பதும் தெரியாது. அவள் அதை அனுப்பாமலே விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் கீபோர்டுக்காரர் வந்தார். வீட்டுக்குள் ஏறவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். மற்ற எல்லாருக்கும் தெரிந்ததே என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. இவள் பதில் சொன்னாள், "அம்மைக்கே தெரியல்ல. பின்ன என்னத்துக்கு?"

கல்யாணக் காரியமோ என்று நினைத்து நான் ஒரு வாரம் உறங்கவில்லை. அது கல்யாணக் காரியமாக இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் உறங்கினாள். அடுப்பு பற்றவைக்கத் தாள் கிடைக்காமல் போனது. அடுத்த வருடம் கம்பெனிக்கு வெளிநாட்டு வேலை வருவதும் குறைந்தது. இப்போது மெஷினே வரைந்துவிடுகிறதாம். பாதிப் பேரை நிறுத்தினார்கள், அதில் இவளும் ஒருத்தி. பெங்களூருக்குப் போனாள். அங்கே கடைகளுக்கு விளம்பரம் செய்கிறாள். தள்ளுபடி என்ற எழுத்து குதித்துக் குதித்து வரும், அதைக் குதிக்கவைப்பதுதான் வேலை. ஒருமுறை போனில் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்றேன். அவளும் சரி என்றாள்.

போன வருடம் மழைக்காலத்தில் சுகர் பார்க்க நெய்யாற்றின்கரையில் ஒரு லேபுக்குப் போனேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போக வேண்டும். வாசலில் இருந்து ரத்தம் எடுக்கிற இடம் வரைக்கும் நீளமான வழி. எதிர்ச் சுவரில் உயரத்தில் ஒரு டிவி இருந்தது. கேமராவில் தெரிகிறதைக் காட்டும் டிவி, நாலு கட்டமாகப் பிரித்திருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு கட்டத்தில், ஒரு கிழவி முதுகு காட்டிப் போய்க்கொண்டிருந்தாள். வலது இடுப்பு தாழ்ந்து, இடது தோள் ஏறி, ஒவ்வொரு தடவையும் வலது கால் கீழே தரை இருக்கிறதா என்று தேடிப் பார்த்து வைப்பது போல. இவளை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. சட்டென்று ஞாபகம் வந்தது. அந்தப் படத்தில் வந்த குடைக்காரி. வரைந்தது போலவே ஒருத்தி நிஜமாக இருக்கிறாளே என்று ஆச்சரியப்பட்டு நின்றேன்.

அவளும் நின்றாள்.

மனிதர் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கலாம். போட்டோவில் பார்க்கலாம். தன் நடையைத் தானே எப்படிப் பார்ப்பது? அறுபத்தெட்டு வயது வரைக்கும் நான் நடந்து போகிறதை நான் பார்த்ததே இல்லை.

நான் திரும்பி வாசல் வரைக்கும் போனேன். அங்கிருந்து மறுபடியும் நடந்து வந்தேன், கண்ணை அந்த டிவியில் வைத்துக்கொண்டு. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குக் காத்திருக்கிற நான்தான் அத்தனை பேர் முன்னால் இரண்டு தடவை நடந்தேன். வெறும் வயிற்றில் தலை சுற்றுகிறது என்று நினைத்து அங்கே வேலை செய்கிற பெண் ஓடிவந்து கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எனக்குத் தலை சுற்றவில்லை. மகள் வரைந்த அந்தத் தோளும் இடுப்பும் காலும் ஒரு நூல் அளவுகூடத் தப்பவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டேன். வேலை நேரத்தில் நான் கூப்பிடுவதில்லை, பயந்துவிட்டாள். சுகருக்கு ஒன்றுமில்லை என்று முதலில் சொன்னேன். பிறகு கேட்டேன், "அந்தக் குடைக்காரி நானாக்கும், இல்லியா மக்கா?"

"இப்பமாக்கும் தெரிஞ்சுது?" என்றாள்.

பிறகு அவள்தான் சொன்னாள். நாலாம் வகுப்பில் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்துக் காய்ச்சல் வந்ததாம். டீச்சருடைய குடையை வாங்கி அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தேனாம். மறுநாள் மழையில் அதை டீச்சர் வீட்டில் திருப்பிக் கொடுக்கப் போகும்போது, துடைத்து ஈரம் போக உணக்கி வைத்த குடை மறுபடியும் நனையக் கூடாது என்று துவர்த்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, நனைந்தே போனேனாம். அவள் படியில் நின்று, நான் வளைவு திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாளாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை.

அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றேன்.

"அதை அப்பமே அழிச்சிட்டேன் அம்மே. கம்பெனி படம் ஏத்த லாப்டாப்புல இடம் இல்லாம இருந்துது," என்றாள். சிலேட்டில் எழுதினதை அழித்தேன் என்று சொல்வது போலச் சொன்னாள்.

நல்லா இருந்துது மக்கா என்றேன்.

"நீ அதைப் பாக்கவே இல்லியே அம்மே," என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருக்கலாம். உடனே, சாப்பிட்டாயா, வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதே என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அடுத்த நாள் நான் கொல்லயிலுக்கு நடந்து போனேன். கீபோர்டுக்காரர் வீட்டுக்கு அதுவரை போனதில்லை, அவரோடு சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசினதும் இல்லை. முற்றத்தில் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார். படம் அவரிடமும் இல்லை. பாட்டு மட்டும் போனில் இருந்தது.

"கானமேளையில பாட்டு சினிமால உள்ளதுபோலயே இருக்கணும் மாமி. ஒரு இடம் மாத்தினா கூவுவானுவ," என்றார். "எனக்க சொந்தம்னு சொல்ல இது ஒண்ணுதான் உண்டு. மாமி சாயா வச்சிட்டு போவும்போது அந்தக் காலடிய எண்ணி எண்ணிப் போட்டதாக்கும்."

போனைத் திண்டில் வைத்துப் பாட்டைப் போட்டார். கொட்டு, ஒரு நீட்டம், ஒரு குறுக்கம். ஒரு நீட்டம், ஒரு குறுக்கம். அன்றைக்கு நொண்டுகிறது என்று நான் சொன்ன அதே கொட்டு. அதிகம் கேட்க முடியவில்லை. வாறேன் மக்கா என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் பாட்டை நிறுத்த மறந்துவிட்டார்.

முற்றத்தில் இறங்கி நடந்தேன். ஒவ்வொரு கொட்டும் என் கால் விழுகிற இடத்தில் விழுந்தது. அவர் பின்னால் நின்று பார்க்கிறார் என்று தெரியும். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் வேகமாக நடக்கவில்லை, வேகமாக நடந்தால் தாளம் போய்விடும். கேட்டுக்கு வந்ததும் நின்றேன். பாட்டு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

மகளிடம் இன்னொன்று வரையச் சொல்லி இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். பார்க்கலாம் என்கிறாள். நம் ஆட்களுக்கு இதெல்லாம் வராது என்று நான் சிரித்துச் சொன்னபோது, வராது என்ற அதுவே வந்து என் சாப்பாட்டு மேசைமேல் என் காலாலேயே நடந்துகொண்டிருந்தது என்பது, மழை பெய்கிற ஒவ்வொரு நாளும் எனக்கு நினைவு வருகிறது.