முழங்காலுக்குள் கமரா

என் வலது முழங்காலின் உட்புறத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போன பிறகு, சத்திரசிகிச்சை நிபுணர் முழங்காலில் இரண்டு சிறு துளைகள் இட்டார். ஒன்றின் வழியே கமரா போனது, மற்றதன் வழியே வெட்டும் கருவி. திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன். தாதிக்கு அது பிடிக்கவில்லை.

"கண்ண மூடிக்கொண்டு படுங்க ஐயா. பாத்து என்ன செய்யப் போறீங்க?"

"என்ட கால்தானே பிள்ள."

நிபுணர் சிரித்துவிட்டுத் திருப்பச் சொன்னார். உள்ளே எல்லாம் வெள்ளையாக, தண்ணீருக்கடியில் எடுத்த படம்போல இருந்தது. மூட்டுக்கு மெத்தையாக இருக்க வேண்டிய குருத்தெலும்பின் ஓரம் கிழிந்து, உடுத்துப் பழசான சாரத்தின் கரைபோல இழையிழையாக ஆடியது. கருவி அதைக் கொறித்தெடுத்தது.

"கிழிஞ்சத மட்டும் வெட்டி விடுறம். மற்றப்படி உங்கட வயசுக்கு மோசமில்ல" என்றார். அந்த வசனத்தை மனதில் பத்திரப்படுத்திக்கொண்டேன்.

காணிக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு களுவாஞ்சிக்குடியில், வயல் வாவிக்கு அப்பால், படுவான்கரையில். வேலையில் இருந்தவரை வார இறுதியில் மட்டும் வயலைப் பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு நாள்முழுதும் அங்கேதான். போன வேளாண்மையில் வரம்பில் கால் மடங்கி விழுந்தபோது முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. அதன்பிறகு குந்த முடியவில்லை. வாவியைக் கடக்கும் மிதவையை இங்கே பாதை என்போம். அதில் ஏறி இறங்குவதும் பெரும்பாடாகிவிட்டது.

சத்திரசிகிச்சைக்கு நான் சம்மதித்தது ஒரே காரணத்துக்காக. பெரும்போக விதைப்புக்கு முன் கால் தேற வேண்டும், என் கையாலேயே விதைக்க வேண்டும். இதை வீட்டில் தெளிவாகச் சொன்னேன். மனைவி, மகள், மனைவியின் தம்பி மூவரும் தலையாட்டினார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாகத் தலையாட்டுவது அபூர்வம். ஆயுளில் பாதியைக் காணி விசாரணைகளில் கழித்தவனுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மறுநாளே வீட்டுக்கு விட்டார்கள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தபோது நிபுணர் மகளை வாசலுக்கு அழைத்து ஏதோ சொன்னார். அவள் திரும்பி வந்து, "வயலுக்கு இனிப் போகப்படாதாம் அப்பா" என்றாள். "டொக்டர் கண்டிப்பாச் சொல்லிப்போட்டார்."

"எவ்வளவு நாளைக்கு?"

"இனி எண்டா இனித்தான்."

நோயாளியிடம் சொல்ல வேண்டியதை அவனைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்வது நம் ஊர் வைத்திய முறை. சம்மதப் பத்திரத்தை வரி வரியாக வாசித்துத் தாதியின் பொறுமையைச் சோதித்த நான், வாசலில் நடந்த இந்தப் பேச்சை மட்டும் அப்படியே நம்பினேன். முறைப்படி வந்த தகவல்போலவே அது இருந்தது.

ஆனாலும் பயிற்சியை விடவில்லை. கட்டிலில் காலை நீட்டித் தூக்குவேன், சுவரைப் பிடித்துக்கொண்டு மடக்குவேன். மனைவியின் தம்பி, என் மச்சான், பின்னேரங்களில் வந்து பக்கத்தில் கதிரை போட்டு உட்காருவான்.

"இந்தப் போகம் நான் பாக்கிறன் அத்தான். நீங்க இருந்த இடத்தில இருந்து ஓடர் போடுங்க."

"என்ன நெல்லு விதைக்கப் போறாய்?"

நான் ஒருபோதும் அனுமதிக்காத ஒரு நெல்லின் பெயரைச் சொன்னான். மறுத்துச் சொன்னேன். "ஓம் ஓம்" என்றான். கந்தோரில் மேலதிகாரிகளுக்கு நான் சொன்ன அதே "ஓம் ஓம்."

பிறகு கிளினிக்குக்குப் போன நாள் வந்தது. மகளும் கூட வந்தாள். நிபுணர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

"நல்லா மடங்குது. வயலுக்குப் போகத் துவங்கிட்டீங்களா?"

"நீங்கதானே டொக்டர் போகவேண்டாமெண்டு சொன்னீங்க?"

"நானா? காயம் ஆறுமட்டும் ஈரத்துக்க இறங்க வேண்டாம், பாரம் தூக்க வேண்டாமெண்டுதான் மகளிட்டச் சொன்னன். அதெல்லாம் முடிஞ்சுது. பாத்து நடங்க, அவ்வளவுதான்."

மகள் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மட்டக்களப்பிலிருந்து திரும்பும்போது, ஓட்டோவில் பாதி வழியில் கேட்டேன்.

"ஏன் பிள்ள?"

"போன முறை விழுந்து கிடந்தீங்க. மாடு தேடி வந்தவர் காணாட்டி என்ன நடந்திரிக்கும்?"

"அத நான் கேக்கல்ல. டொக்டர்ட பேரில ஏன் சொன்னாய்?"

"நான் சொன்னாக் கேப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டேன். அதற்காக அவளை விட்டுவிடவும் மனமில்லை. பேசாமல் இருந்தேன். அந்த மௌனம் அவளிடமிருந்து மிச்சத்தையும் கறந்தது.

"வயல மாமாவுக்குக் குத்தகைக்குக் குடுத்திட்டம் அப்பா."

"எப்ப?"

"ஒப்பரேசனுக்கு முதலே."

"அம்மாக்குத் தெரியுமா?"

"அம்மாதான் குடுக்கச் சொன்னவ."

"அப்ப எதுக்கு என்ட கால வெட்டுவிச்சீங்க?"

"கால் சுகமாகத்தான்" என்றாள், நான் ஏதோ புரியாத கேள்வி கேட்டதுபோல.

அந்த வயல் என் மனைவிக்குச் சீதனமாக வந்தது. எங்கள் பகுதியில் காணி பெண்பிள்ளைக்கே போகும். மகளின் கலியாணத்தின்போது அவள் பெயருக்கு எழுதினோம். இப்படி எழுத வரும் பெற்றோர்களிடம் நான் எப்போதும் ஒன்று சொல்லி அனுப்புவேன்: சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதுங்கள், சாகும்வரை காணியின் பயன் உங்கள் கையில் இருக்கும். சொந்த மகளுக்கு எழுதியபோது அதைச் சேர்க்க மனைவி கூச்சப்பட்டாள். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று எனக்கும் தோன்றியது. ஆகவே மகள் செய்ததில் சட்டப் பிழை எதுவும் இல்லை. இந்த முறைப்பாட்டோடு யாராவது என் மேசைக்கு வந்திருந்தால், தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அன்று வீடு வந்ததும் மனைவியிடம் கேட்டேன். அவள் கறிக்கு இறால் உடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்கட மகள் உங்கட நன்மைக்குத்தானே செய்தவ" என்றாள். தன் பங்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

விதைப்பன்று யாருக்கும் சொல்லாமல் பாதையேறிப் போனேன். ஏறும்போது கால் நோகவில்லை, இறங்கும்போதும் நோகவில்லை. வயல் உழுது மட்டப்படுத்திக் கிடந்தது. மச்சான் முளைகட்டிய நெல்லுக் கூடையோடு வரம்பில் நின்றான். என்னைக் கண்டதும் முகம் மாறியது.

"என்ன அத்தான் இந்தப் பக்கம்? அக்காக்குத் தெரியுமா?"

"உனக்கும் அக்காக்கும் தெரிஞ்சதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதா?"

அவன் சேற்றைப் பார்த்தான். "கோவிக்காதீங்க. சாப்பாட்டு நெல்லு வீட்ட வரும்தானே."

நான் வரம்பைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். வழுக்கும் இடங்கள் எனக்குத் தெரியும். மூலையில் குந்தி வாய்க்காலைப் பார்த்தேன். எழும்புவதற்கு எதையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. நான் திரும்பி வரும்வரை அவன் விதைக்காமல் காத்து நின்றான். பிறகு கூடையை நீட்டினான்.

"முதல் கை நீங்க போடுங்க அத்தான்."

"குத்தகை எடுத்தவன் போடட்டும்" என்றேன்.

பிறகு வயலில் இறங்கி எறியத் தொடங்கினான். கை பழகவில்லை, நெல் அளவுக்கு மிஞ்சி நெருக்கமாக விழுந்தது. முளைத்து வந்ததும் ஒன்றையொன்று நெரிக்கும். இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தான், ஏதாவது சொல்வேன் என்று.

நான் சொல்லவில்லை.