தனக்கே எர்த் போட்டுக்கொண்டவர்

ராத்திரி சாப்பிட்டு எழுந்ததும் இடது கணுக்காலைத் துண்டால் அழுந்தத் துடைக்கிறார். ஈரம் இருந்தால் பரவாயில்லை, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. பிசுக்கு இருந்தால் கரண்ட் வழியில் நின்று யோசிக்குமாம். பிறகு, எனாமல் பூச்சைச் சுரண்டிப் பளபளவென்று வைத்திருக்கும் செம்புக் கம்பியைக் கணுக்காலில் நாலு சுற்றுச் சுற்றி, முறுக்கி, கூர்முனையை உள்ளே மடக்கிவிடுகிறார். கம்பியின் மறுமுனை கட்டிலுக்கு அடியில் ஓடி, கதவிடுக்கில் நுழைந்து, பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற குழாயின் பித்தளைக் கழுத்தில் இறுகியிருக்கிறது. ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டு மல்லாந்து படுக்கிறார்.

"எர்த் ஆயிடுச்சு," என்கிறார், கூரையிடம்.

குழாயடியிலிருந்து மனைவியின் குரல் வருகிறது. "நான் தண்ணியத் திறக்கலாமா? இல்ல, எனக்கு ஷாக் அடிக்குமா?"

"அடிக்கிற அளவுக்கெல்லாம் இல்ல. லீக்கேஜ்தான். நீ பாட்டுக்குத் திற."

அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். தெருவில் எல்லோருக்கும் அவர் காயில் அண்ணன். வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அவரும் அதைத் திருத்துவதில்லை. எரிந்து கருகி, இனிப் பழைய இரும்புக் கடைக்குத்தான் என்று கைவிடப்பட்ட மோட்டார்கள் அவர் பட்டறை வாசலில் வந்து இறங்கும். மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் குனிந்து முகர்ந்து பார்ப்பார். "தண்ணி இல்லாம ஓட்டியிருக்கே," என்பார். கொண்டுவந்தவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்வான். "மோட்டாருக்குப் பொய் சொல்லத் தெரியாது தம்பி. நமக்குத்தான் தெரியும்."

கருகிய கம்பியை உருவி எறிந்து, இரும்புப் பள்ளங்களில் தடித்த காகிதம் செருகி, புதுக் கம்பியை இழை இழையாக இறக்க வேண்டும். அதற்குக் கருவிகள் உண்டு. ஆனால் கடைசி இழைகளை உள்ளே தள்ள அவர் நம்புவது தன் வலது கட்டை விரலை. அந்த விரல்தான் முதலில் வாடகை கொடுத்தது, பிறகு வீடு கட்டியது, மகளைப் படிக்க வைத்தது. நாலாம் வகுப்பில் வாத்தியார் காதைத் திருகினார். திருகிய காதோடு வெளியே வந்தவர், பள்ளிக்கூடம் இருந்த பக்கம் மறுபடி தலைவைத்துப் படுக்கவில்லை. இன்று நாலு மாடி கட்டினவன் வீட்டில் தண்ணீர் ஏறவில்லை என்றாலும் அவர் கதவைத்தான் தட்ட வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் குரலைத் தணிப்பதில்லை. எதற்குத் தணிக்க வேண்டும்? சும்மா வந்த பேரா அது?

ஒருநாள் மத்தியானம், பட்டறைத் தகரத்தின் ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாகத் தரையில் விழுந்து கிடந்தபோது, அந்தக் கட்டை விரலின் அடிச்சதை தானாகத் துள்ளியது. கலங்கிய குளத்தில் மீன் ஒன்று புரண்டு அடங்குகிறதே, அதுபோல. கையிலிருந்த கம்பியை வைத்துவிட்டு, "யாருடா அது?" என்று கேட்டார். பதிலுக்கு இன்னொரு தடவை துள்ளியது.

அதற்கப்புறம் கெண்டைக்கால். பிறகு இடது கண் இமை. விடியற்காலையில் விரல்களில் எறும்பு ஊர்ந்து எழுப்பிவிடும். எழுந்து உட்கார்ந்து, கழுவிய கையை உதறுவது போல உதறினால் எறும்புகள் இறங்கிப் போகும். அவருக்கு இதன் காரணம் ஒரு நொடியில் பிடிபட்டுவிட்டது. காலமெல்லாம் கரண்டோடு புழங்கிய உடம்பு. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தங்கியிருக்கும். இன்சுலேஷன் பழசானால் எங்கேயாவது கசியத்தானே செய்யும்? கசிகிறதை மண்ணுக்குள் இறக்கிவிட்டால் தீர்ந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத வைத்தியம். அதனாலேயே அவருக்கு அது இரட்டிப்பாகப் பிடித்திருந்தது.

பலனும் கண்டார். கம்பி கட்டிய முதல் வாரம் துடிப்பு பாதியாகக் குறைந்தது. தெருமுனை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். டீக்கடைக்காரர் தன் முழங்காலுக்கும் ஒரு முழம் கம்பி கேட்டார். "உனக்கு இருக்கறது வாயு. அதுக்கு எர்த் போட முடியாது," என்றார் காயில் அண்ணன். ஆனாலும் கம்பி கொடுத்தார்.

கம்பியோடு படுத்திருக்கும் நேரத்தில் அவர் தூங்குவதில்லை. அசைந்தால் கம்பி இழுத்துக்கொள்ளும் என்று கட்டை போலக் கிடப்பார். கண்ணை மூடினால் தன் உடம்புக்குள் இறங்கி நடப்பது போலிருக்கும். பொழுது சாய்ந்த ஓர் ஊர். ஆள் இல்லாத தெருக்கள். மேலே கம்பிகள் போகின்றன, கழுத்திலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முழங்கைக்கு. ஒரு வீட்டில் விளக்கு மினுக்கிவிட்டு அணையும். அங்கே போவதற்குள் வேறொரு வீட்டில் மினுக்கும். கையில் டெஸ்டரோடு அவர் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போவார். "லூஸ் காண்டாக்ட் எங்கேன்னு சொல்லுங்கப்பா, அஞ்சு நிமிஷ வேலை." யாரும் திறப்பதில்லை. கடைசியில் மணிக்கட்டைத் தாண்டி, விரல்களுக்குப் பிரிகிற சந்திக்கு வருவார். அங்கே ஒரு வீட்டு வாசலில் லேத்துக்காரர் உட்கார்ந்திருப்பார். அத்தோடு கண் திறந்துகொள்ளும்.

லேத்துக்காரர் பக்கத்துப் பட்டறைக்காரர். அவருக்கும் கையில்தான் ஆரம்பித்தது. முதலில் துடித்தது, பிறகு கட்டை விரல் அடிச்சதை பள்ளம் விழுந்தது, பிறகு சட்டைப் பொத்தானைப் போடத் தன் மனைவியைக் கூப்பிட்டார். கடைசி நாட்களில் அவருக்குச் சோறு ஊட்டிவிட்டவர்களில் காயில் அண்ணனும் ஒருவர். இதைப் பற்றி அவர் ஒருவரிடமும் பேசுவதில்லை. மகள் ஒருநாள் போனில் தேடி, சதை துடிப்பதற்கு என்னென்ன காரணம் என்று வரிசையாக வாசித்தாள். டீ, தூக்கமின்மை, அலைச்சல், மனக்கவலை, நரம்பு நசுங்குவது. இதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. கடைசியில் அவள் தயங்கி வாசித்த ஒன்றுதான் ஏறியது.

"அப்பா, அது லட்சத்துல சிலருக்குத்தான்னு போட்டிருக்கு."

"அந்தச் சிலர்ல ஒருத்தர் பக்கத்துக் கடையில இருந்தாரேம்மா," என்று சொல்ல வாயெடுத்து, "சரி சரி, சார்ஜ் போயிடப் போகுது, போனை வை," என்றார்.

அன்றிலிருந்து வலது கை சட்டைப் பைக்குள், அல்லது துண்டுக்குள், அல்லது இடது அக்குளுக்குள். டீயை இடது கையால் குடித்தார். மனைவி கையைப் பிடித்துப் பார்க்க வந்தால், "வார்னிஷ், ஒட்டிக்கும்," என்று விலகினார். ஒரு பெரிய மோட்டாரில் கடைசி இழையை இறக்கும்போது கட்டை விரலிலிருந்து கம்பி நழுவியது. மறுபடி பிடித்தார். மறுபடி நழுவியது. "கம்பி சரியில்லை, மாத்தணும்," என்று மோட்டார்க்காரனைத் திருப்பி அனுப்பினார். கம்பியைக் குறை சொல்லி அவர் ஆளை அனுப்பியதே கிடையாது. பட்டறையை ஒட்டிய வீட்டு மாடிப்படியில் நின்றிருந்த மனைவிக்கு அது போதுமானதாக இருந்தது.

"ஊர்ல எவன் மோட்டார் எரிஞ்சாலும் உங்ககிட்டத் தூக்கிட்டு வரணும். உங்க கை எரிஞ்சா மட்டும் நீங்க யார்கிட்டயும் போகமாட்டீங்க. அப்படித்தானே?"

"எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும்."

"அதைத்தான் அந்தத் தண்ணி இல்லாம ஓட்டினவனும் சொன்னான்."

அடுத்த நாள் நரம்பு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். கண்ணாடி ஜன்னலில் வெள்ளைத் திரை மூச்சு விடுவது போல உப்பித் தணிந்துகொண்டிருந்தது. சின்னச் சுத்தியால் முட்டியைத் தட்டினாள். நாக்கை நீட்டச் சொன்னாள். குதிகாலால் நடக்கச் சொன்னாள். இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சதையை ஒப்பிட்டாள். பிறகு தன் விரலை அவர் கட்டை விரலுக்கு எதிரே வைத்து, "நல்லா அமுக்குங்க ஐயா," என்றாள்.

"நான் அமுக்கினா உங்க விரல் உடைஞ்சிடும்மா."

"உடைஞ்சா உடையட்டும். பக்கத்து ரூம்ல எலும்பு டாக்டர் இருக்கார்."

அமுக்கினார். அவள் முகம் சுளித்துக் கையை எடுத்துக்கொண்டதில் அவருக்கு ஒரு சுகம்.

அடுத்து கையில் ஒரு பட்டையை ஒட்டி, "இப்போ லேசா கரண்ட் வைப்பேன். பயப்படாதீங்க," என்றாள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். கரண்ட் வைக்க வைக்க விரல்கள் தானாக எகிறின. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், பாட்டுக்குத் தாளம் போடுகிறவர் மாதிரி. பிறகு மெல்லிய ஊசி ஒன்றைக் கட்டை விரல் சதையில் இறக்கினாள். சதை போடும் சத்தம் மேஜைமேல் இருந்த பெட்டியில் கேட்கும் என்றாள்.

"கையைத் தளர்வா விடுங்க."

விட்டார். பெட்டியில் சத்தமே இல்லை. திரை உப்பியது, தணிந்தது. அவருக்குத் தெரிந்தவரை சத்தம் போடாத மோட்டார் செத்த மோட்டார். "சத்தம் வரலியேம்மா," என்றார். அவர் குரலை அவ்வளவு சின்னதாக அவர் மனைவி கேட்டதில்லை.

"அதான் நல்லது. சும்மா இருக்கும்போது சதை சும்மா இருக்கணும். இப்போ விரலை மடக்குங்க."

மடக்கினார். பெட்டிக்குள் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் முதலில் நாலு துளி, பிறகு சடசடவென்று, பிறகு துளி தெரியாத ஒரே இரைச்சல். விரலை நீட்டினால் மழை நின்றது. மடக்கினால் பெய்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவ்வளவு பெரிய மழை தன் கைக்குள் இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

"ஓட்டம் நல்லா இருக்கு," என்றார் மெதுவாக.

"இருக்கு ஐயா."

காலிலும் தோளிலும் ஊசி போட்டுப் பார்த்த பிறகு அவள் சொன்னாள். மணிக்கட்டில் நரம்பு போகிற வழி குறுகலாகி நசுங்குகிறது. காலமெல்லாம் அதே விரலால் அதே அழுத்தம். எறும்பு ஊர்வதும் கட்டை விரல் துள்ளுவதும் அதனால்தான். படுக்கும்போது மணிக்கட்டு மடங்காமல் பட்டை போட வேண்டும், அந்த விரலுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு வேண்டும்.

"பக்கத்துப் பட்டறையில ஒருத்தருக்கு வந்தது…" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. "அந்த மாதிரி எதுவும் இன்னிக்கு எனக்குத் தெரியல. துடிப்பு மட்டும் இருந்து, பலமும் சதையும் சரியா இருந்தா, பெரும்பாலும் பயப்பட ஒண்ணும் இல்ல. பொருள் ஏதாவது கை நழுவுதா?"

பட்டறையில் யார் கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். "நழுவுது," என்றார். "கம்பி நல்ல கம்பிதான். நான்தான் பிடிக்கல."

"விரல் மரத்துப்போறதால இருக்கும். அடுத்த மாசம் வந்து மறுபடி என் விரலை அமுக்குங்க. நடுவுல பலம் குறைஞ்சாலோ, சதை இளைச்சாலோ உடனே வந்துடணும். சரி, காலும் கண்ணும் துடிக்கறது வேற. டீ எவ்வளவு குடிப்பீங்க?"

மனைவி பதில் சொன்னாள். டாக்டர் புருவத்தை உயர்த்தினாள். "தூக்கம்?"

"தூங்கறது எங்கே? அசையாம படுத்திருப்பேன். அசைஞ்சா எர்த் கம்பி இழுத்துக்கும்."

டாக்டர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவளைப் பாராட்ட வேண்டும். "எதுல கட்டியிருக்கீங்க?"

"தண்ணிக் குழாய்ல. நேரா பூமிக்குப் போகுது."

"போகல," என்றாள் மனைவி.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "போன வருஷம் இவர் வெளியூர்ல மோட்டார் மாட்டப் போயிருந்தப்போ சுவத்துக்குள்ள குழாய் வெடிச்சுது. உள்ள எல்லாத்தையும் பிளாஸ்டிக்கா மாத்திட்டாங்க. வெளிய தெரியற பித்தளை மட்டும்தான் பழசு."

மாவட்டத்தில் பாதி மோட்டார்களுக்கு எர்த் போட்ட மனிதர், தன்னைப் பிளாஸ்டிக் குழாயில் கட்டிக்கொண்டு தூங்காமல் கிடந்திருக்கிறார். தூங்காததால் துடித்திருக்கிறது. துடித்ததால் கட்டியிருக்கிறார்.

"ஏம்மா, தெரிஞ்சுமா சொல்லல?"

"முதல் வாரம் குறைஞ்சிடுச்சுன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தீங்க. முகம் அப்படி இருந்துச்சு. அதை நான் எப்படிங்க கழட்டறது?"

பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. சாய்ந்த வெயில் கூடவே ஓடிவந்தது. மரங்களின் நிழல் இருவர் மேலும் ஏறி இறங்கியது. தன் விரல் டாக்டரம்மாவை எப்படி முகம் சுளிக்க வைத்தது என்று அவர் முன்சீட்டுக்காரருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டு வந்தார். மனைவி ம் கொட்டினாள். பாலம் தாண்டியதும் பேச்சை நிறுத்தினார். சட்டைப் பைக்குள் ஏதோ துள்ளியிருக்க வேண்டும். பிறகு வலது கையைப் பைக்குள்ளிருந்து எடுத்து, உள்ளங்கை மேலே தெரிய அவள் மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார்.

"பாரு," என்றார். "இப்போ வரும்."

அவள் குனிந்தாள்.