சுண்ணாம்பு வட்டம்

இரண்டு மாதம் நீர்ப்பறவைகளைக் காப்பாற்றப் போன நான், மூன்றாவது வாரத்திலேயே நான்கு முட்டைகளுக்கு எமனாகிவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நன்றி சொல்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் நான் செய்ததை மறைத்துவிட்டு நன்றியை மட்டும் சொன்னால் அதில் உப்பும் இருக்காது, உறைப்பும் இருக்காது.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஒன்றிரண்டு வருடங்கள் ஆகியிருந்த சமயம். சேலத்தில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்களை ஏரிகளுக்கு அனுப்பி, பறவைகளைக் கணக்கெடுக்கவும் ஊர்க்காரர்களிடம் அவற்றைப் பற்றிப் பேசவும் பழக்கும் சின்ன அமைப்பு ஒன்று இருந்தது. என்னையும் என் வகுப்புத் தோழியையும் கொல்லிமலை அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் கொண்டுபோய் இறக்கினார்கள். விடுமுறைக்கு மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை பெண்கள் எங்கள் இருவருக்கும் கிடைத்தது. கையில் ஒரு பழைய பைனாகுலர், ஒரு நோட்டு, சுருட்டி வைத்த பறவைப் படங்கள். எனக்கு மட்டும் கூடுதலாக மூக்கின் மேல் கோபமும், எல்லாம் தெரிந்த நினைப்பும் இருந்தன.

முதல் வாரமே மலைக்கு மேலே, ஆலத்தூர் நாடு என்னும் பகுதியில் ஒரு சிற்றூருக்குப் பஸ் ஏறிப் போய்ப் படங்களை விரித்தோம். பூநாரையையும் கூழைக்கடாவையும் காட்டி நான் முக்கால் மணி நேரம் முழங்கினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருவர் எழுந்தார்.

"ஏனுங்க, இந்தச் செவத்த கொக்கு எங்கூருக்கு எப்ப வருமுங்க?"

"இங்கே வராதுங்க."

"அப்புறம் எதுக்குங்க எங்ககிட்டச் சொல்றீங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு முகம் செத்துவிட்டது. இறங்கும் வழியில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அந்த ஊரைத் திட்டிக்கொண்டே வந்தேன். தோழி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததால் மறுத்துப் பேசவில்லை. இனி மனிதர்களிடம் பேசுவதில்லை, பறவைகளோடு மட்டும்தான் என் வேலை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அந்தக் கோடையில் எங்கள் ஏரியில் நடுவில் மட்டும், ஒரு கோயில் குளத்தளவுக்குத் தண்ணீர் கிடந்தது. அதைச் சுற்றிப் பவழக்காலிகளும் கொக்குகளும் நின்றன. மிச்சமெல்லாம் வெடித்துக் காய்ந்த வண்டல். மலையிலிருந்து ஓடை கொண்டுவந்து கொட்டிய அந்தக் கறுப்பு மண்ணை அள்ளித் தங்கள் காடுகழனியில் போடுவதற்குத்தான் விவசாயிகள் கோடைக்குக் காத்திருப்பார்கள். மண் எடுக்க அனுமதித்த இடத்தைச் சுற்றி தாலுகா அலுவலகத்து ஆள் ஒருவர் வந்து சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுவிட்டுப் போவார். கோட்டுக்குள்ளே எடுக்கலாம், வெளியே தொடக்கூடாது. உள்ளே யாருக்கு எத்தனை அடி என்று ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்வார்கள். விடிந்தால் டிராக்டர்களும் மண்வெட்டிகளுமாக ஏரி களைகட்டிவிடும்.

இதையெல்லாம் தினமும் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தது மண்டையில் ஏறவில்லை.

ஆட்காட்டிக் குருவியின் கூட்டைக் கண்டுபிடித்தது தோழிதான். கூடு என்று சொல்வதே அதிகம். கோட்டுக்கு வெளியே, டிராக்டர்கள் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வெறுந்தரையில் உள்ளங்கைக் குழி. சுற்றி நாலைந்து ஆட்டுப் புழுக்கை. அதற்குள் கூர்முனை உள்நோக்கி நான்கு முட்டைகள், மண் நிறத்தில், கறுப்புத் திட்டுகளோடு. கண்ணெதிரே இருந்தும் இரண்டு முறை தவறவிட்டேன். நாங்கள் விலகிப் போனதும் தாய்ப்பறவை தண்ணீருக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு, மஞ்சள் கால்களால் விறுவிறுவென்று நடந்து வந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க அது செய்யும் வைத்தியம் அது. அதைப் பார்த்ததும் என் கண் கலங்கிவிட்டது, அதை அப்போது சொல்ல வெட்கப்பட்டேன்.

"டிராக்டர்காரங்ககிட்டப் போய் ஒரு வார்த்தை சொல்லிடலாம்" என்றாள் தோழி.

"சொன்னா மட்டும் கேட்டுடுவாங்களா? மலையில பார்த்தேல்ல?"

பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமில், விளையாட்டு விழாவுக்குக் கோடு போட்டது போக மீந்த சுண்ணாம்புத் தூள் அரை மூட்டை இருந்தது. வாட்ச்மேனிடம் கேட்டு ஒரு பக்கெட் அள்ளிக்கொண்டு சாயங்காலம் ஏரிக்குப் போனேன். கூட்டைச் சுற்றி, பத்தடி தள்ளி, அழகாக ஒரு வட்டம் போட்டேன். இனி எந்த டிரைவர் கண்ணிலும் படாமல் போகாது என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் காலை நாங்கள் கரை ஏறியபோது, அந்த வட்டத்துக்குள் டிராக்டர் நின்றுகொண்டிருந்தது. முழங்கால் ஆழத்துக்குக் குழி. டிரெய்லர் பாதி நிரம்பியிருந்தது. ஆட்காட்டிகள் இரண்டும் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. நான் செருப்பு தெறிக்க ஓடினேன்.

"யாரைக் கேட்டு இங்கே வெட்டினீங்க?" என்று கத்தினேன்.

டிரைவர் இளவயதுக்காரர், திகைத்துப் போய் நின்றார். "ஏனுங்க, நேத்துச் சாயங்காலம் நீங்கதானுங்களே கோடு போட்டுட்டுப் போனீங்க? ஆபீஸ்ல இருந்து புதுசா எடம் உட்டிருக்காங்கன்னு நெனச்சோமுங்க."

அந்த ஏரியில் சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரே அர்த்தம்தான்: உள்ளே வெட்டலாம். மூன்று வாரமாக அதை நானே பார்த்திருக்கிறேன். சும்மா இருந்திருந்தால்கூட யாரும் அந்த இடத்தில் கை வைத்திருக்க மாட்டார்கள். நான்தான் வட்டம் போட்டு, வாருங்கள் என்று அழைத்திருக்கிறேன்.

குழிக்குள் மண்வெட்டியோடு ஒரு பெண் நின்றிருந்தார். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும், தலையில் துண்டு கட்டியிருந்தார். அவர்தான் முதலில் இறங்கி வெட்டியவர். நான் எதற்குக் கத்துகிறேன் என்று தோழி சொன்னதும் அவர் குனிந்து மண்ணைக் கையால் கிளறினார். மஞ்சள் ஒட்டிய ஓட்டுத்துண்டு ஒன்று வந்தது. அதை வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"காலையில இருந்து தல மேலயே கத்துச்சு கண்ணு. நாயப் பாத்துக் கத்துதுன்னு நெனச்சேன். என்னையப் பாத்துத்தான் கத்தியிருக்குது."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. திரும்பி நடந்து வகுப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஊருக்குப் போய்விடுகிறேன் என்று பையைக்கூடக் கட்டினேன். தோழி அதைத் தடுக்கவில்லை. "போறதுன்னா போ. ஆனா அந்த அக்காகிட்டச் சொல்லிட்டுப் போ" என்றாள்.

மறுநாள் அவர் காட்டைத் தேடிப் போனேன். சரளை மண் பூமி. அதில் மரவள்ளி நடுவதற்காகக் கொட்டியிருந்த வண்டலை ஒற்றை ஆளாக இறைத்துக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது அக்கா, நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, தூக்குப்போசியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தார். சுண்ணாம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அந்த முட்ட எப்புடி இருக்கும்னு காட்டு சாமி. மறுக்காப் பாத்தா மிதிக்காம இருப்பேனில்ல" என்றார்.

நோட்டில் வரைந்து காட்டினேன். எவ்வளவு பெரிது, எப்படி அடுக்கியிருக்கும், எத்தனை நாளில் பொரியும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். திரும்பி வந்து பையைப் பிரித்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் பள்ளிக்கூட வாசலில் அவர் குரல். "கண்ணு, கொஞ்சம் எந்திரிச்சு வா."

முகம்கூடக் கழுவாமல் அவர் பின்னாலேயே ஓடினோம். முதல் கூட்டிலிருந்து இருபது முப்பது தப்படி தள்ளி, அதே ஆட்காட்டி மறுபடியும் முட்டையிட்டிருந்தது. நான்கு. நாங்கள் யாரும் பார்க்காததை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் இந்த முறை கூடு கோட்டுக்கு உள்ளே இருந்தது. அதுவும் அவருடைய பங்கிலேயே, இன்னும் மண்வெட்டி படாத இடத்தில்.

"எத்தன நாளு ஆகும்னு சொன்னே?"

"நாலு வாரம் அக்கா."

மண் எடுக்க இன்னும் பத்து நாள்தான் அனுமதி என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். விட்டால் அடுத்த கோடைதான். அவருடைய காட்டில் பாதிக்கு மேல் இன்னும் சரளையாகவே கிடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தை விட்டுவிடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கரைக்குப் போய்க் கருவேல முள் வெட்டி இழுத்து வந்தார். பறவை மிரளாத தூரத்தில், பெரிய வட்டமாக முள்ளைப் போட்டார். முள் போட்ட இடத்துக்குள் ஆளும் போகக்கூடாது, ஆடும் போகக்கூடாது என்பது அந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். சாயங்காலம் டிராக்டர்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்க அக்கா, அங்கதான் மண்ணு கருகருன்னு கெடக்குது. அதப் போயி உடறீங்களே?"

"கெடந்துட்டுப் போவுது. மல அடுத்த வருசமும் மண்ணுக் கொண்டாரும். இது அதுக்குள்ள பொரிச்சுப் போட்டுப் போயிரும்."

பத்து நாளும் முள் வட்டத்தைச் சுற்றி வெட்டினார்கள். யாரும் அதைத் தாண்டவில்லை. சுற்றிலும் தரை தாழத் தாழ, நடுவில் அந்தத் துண்டு மட்டும் இடுப்பளவு மேடாக நின்றது. மேலே முள். முள்ளுக்கு நடுவில் ஒரு பறவை. வேலை முடிந்து போகிறவர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். பைனாகுலரை ஒவ்வொருவருக்காகக் கொடுத்தேன். "வயித்த நனச்சுட்டு வருது பாருங்க, அதுதான் முட்டைக்குக் குளுச்சி" என்று அக்காதான் விளக்கிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோடையில் நாங்கள் நடத்திய உருப்படியான நிகழ்ச்சி அது ஒன்றுதான், அதையும் நடத்தியது நாங்கள் இல்லை.

நாங்கள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மலை கறுத்தது. மத்தியானத்தில் பிடித்த மழை பொழுது சாயும்வரை விடவில்லை. வகுப்பறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊரே மழைக்குச் சந்தோஷப்பட்டபோது நான் ஒருத்தி மட்டும் நிற்காதா என்று வேண்டிக்கொண்டிருந்தேன். மலையில் பெய்தால் ஓடை வரும். ஓடை வந்தால் ஏரி. ஏரியின் தரையில் நான்கு முட்டைகள்.

விடிந்ததும் போனோம். வெட்டிய பள்ளமெல்லாம் செந்நீர். நடுவில் மேடு மட்டும் தண்ணீருக்கு மேலே கறுப்பாகத் தெரிந்தது. அதில் பறவை உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பைனாகுலரை எடுத்தால், கண்ணாடியில் ஈரம் படிந்து ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் கரைச்சரிவில் அக்காவைப் பார்த்தேன். சேலை தொடைவரை நனைந்திருந்தது.

"நாலும் இருக்குது கண்ணு. போயிப் பாத்துப்போட்டுத்தான் வந்தேன். தண்ணி மேட்டுல பாதிக்குத்தான் வந்திருக்குது."

கோட்டுக்கு வெளியே, என் வட்டத்துக்குள் வெட்டிய முதல் கூட்டின் இடத்தைப் பார்த்தேன். அது தண்ணீருக்குள் இருந்தது. அக்கா தனக்கென்று வைத்திருந்த மண்ணை எடுக்காமல் விட்டதால் மட்டுமே இந்த நான்கும் பிழைத்திருந்தன. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி என்று சொன்னேனா என்றுகூட நினைவில்லை. அழுதது நினைவிருக்கிறது. "மழைக்கு அழுவுற புள்ளைய இப்பத்தான் பாக்கறேன்" என்று அவர் சிரித்ததும் நினைவிருக்கிறது.

பொரிவதற்கு முன்னால் நாங்கள் கிளம்ப வேண்டியிருந்தது. முகவரி எழுதிய நான்கைந்து தபால் கார்டுகளைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஏரிகளே என் பிழைப்பாகிவிட்டன. எத்தனையோ ஊர்க் கரைகளில் நின்று பேசியிருக்கிறேன். இப்போதெல்லாம் போனவுடன் படத்தை விரிப்பதில்லை. யார் எதை எங்கே வெட்டுகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். இந்த ஒரு புத்தி எனக்குக் கிடைத்ததற்கு அந்த அக்காவின் காட்டில் ஒரு பகுதி ஒரு வருடம் சரளையாகவே கிடந்தது. அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

கல்லூரி திறந்து முதல் வாரத்தில் கார்டு வந்தது. பென்சிலில், கோணல்மாணலாக, அவரே எழுதியிருந்தார்.

"நாலும் பொரிஞ்சுருச்சு. மூணு நான் பாத்தேன். ஒண்ணு ஆடு மேய்க்கிறவங்க பாத்தாங்க. தண்ணி வத்தின பக்கமாக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. முள்ளை எடுத்துட்டேன். அடுத்த வருசமும் வா கண்ணு. சுண்ணாம்பு வேண்டாம். வாயில சொன்னாப் போதும்."