ஊசிக்கும் சோற்றுக்கும் நடுவே

பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி என்பதும் ஓர் உத்தியோகம்தான்; ராஜினாமா மட்டும் பண்ண முடியாது. பெட்டி கட்டிக் கட்டிக் கை காய்த்துப்போன அக்கா தங்கச்சிகளே, உங்களுக்கா சொல்ல வேண்டும்? ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டுவதற்குள் மாற்றல் வந்துவிடும். எனக்கு அதோடு இன்னொன்று. என் மகள் வசந்தாவுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வியாதி. தினமும் காலையில் இன்சுலின் ஊசி. போட்டால் கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். இல்லையென்றால் வேர்த்து, நடுங்கி, நினைவு தப்பிவிடும். மருந்து கெட்டாலும் ஆபத்து, சோறு தப்பினாலும் ஆபத்து என்று ஜபல்பூரில் டாக்டர் சொல்லி அனுப்பினார். சொல்வது சுலபம் மகராசனுக்கு!

மடியில் பானை

மருந்தில் சூடு படக் கூடாது. ஐஸ் பெட்டிக்கு நாங்கள் எங்கே போக? சின்ன மண்பானையில் ஈர மணல் போட்டு, மருந்துப் புட்டியை நடுவில் புதைத்து, வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொள்வேன். அம்பாலாவுக்கு மாற்றலாகி ரயில் ஏறியபோது மூட்டை முடிச்செல்லாம் என் வீட்டுக்காரர் பொறுப்பு, பானை மட்டும் என் மடியில்.

எதிரே சேலத்துச் சிப்பாய் ஒருவர் பானையையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரும்மா தவறிட்டாங்க? அஸ்தியைக் காசிக்குத்தானே கொண்டு போறீங்க?" என்றார். பக்கத்தில் என் பெண் தூங்குகிறாள்! "வாயைக் கழுவுய்யா, இது எம்பொண்ணு உசிரு" என்று சீறினேன். மனுஷன் பதறி எழுந்து தன் இடத்தைக் காட்டினார்.

"அப்போ ஜன்னல் பக்கம் நீங்க உக்காருங்கம்மா, உசுருக்குத்தான் காத்து வேணும்."

எந்தப் பக்கம்?

அடுத்த மாற்றல் காஷ்மீருக்கு. குடும்பம் வரக் கூடாது. நானும் வசந்தாவும் திருப்பதிப் பக்கம் புத்தூரில் என் நாத்தனார் அலமேலு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் யாருக்கு என்று ஊரே அடித்துக்கொண்டிருந்த சமயம். மருந்துக்கு மட்டும் நான் மெட்ராஸ் போக வேண்டும்.

ஒரு நாள் மருந்தோடு திரும்பும்போது நகரிக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. ரோட்டில் ஒரு கூட்டம் தமிழில் கத்துகிறது, இன்னொரு கூட்டம் தெலுங்கில் கத்துகிறது. நல்ல வெயில். மெட்ராஸில் வாங்கிப் பானையில் வைத்த ஐஸ் கரைந்து புடவையெல்லாம் ஈரம். வீட்டில் இருந்த புட்டி காலி. பொறுக்க முடியாமல் இறங்கிப் போனேன். மறியலுக்காக ரோட்டில் படுத்திருந்த ஒருத்தன், "அக்கா, நீ எந்தப் பக்கம்?" என்றான். "ஐஸ் எந்தப் பக்கம் கெடைக்குதோ அந்தப் பக்கம்! எம்பொண்ணு மருந்துடா, கெட்டுப்போச்சுன்னா நீ குடுப்பியா?" என்று பானையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். உள்ளே எட்டிப் பார்த்தவன் எழுந்து இரண்டு கூட்டத்தையும் பார்த்துக் கை வீசினான்.

"கொயந்தை மருந்துப்பா, பஸ்ஸை உடுங்க, அப்பாலிக்கா வந்து படுத்துக்கலாம்!"

அலிபிரிப் படியில்

புரட்டாசியில் அவர் லீவில் வந்தார். அலமேலு வேண்டிக்கொண்டபடி எல்லோரும் அலிபிரியிலிருந்து படி வழியாகத் திருப்பதி மலை ஏறினோம். பெரியவர்களுக்கு விரதம். வசந்தாவுக்கு ஊசி போட்டு, இட்லியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் நான் செருப்பைக் கழற்றினேன்.

பாதி மலையில் பெண் காரணமில்லாமல் சிரித்தாள். முகமெல்லாம் வேர்வை. கால் மடிந்து படியில் விழுந்தாள், உடம்பு உதறியது. அவ்வளவுதான், "சாமி வந்துட்சி! கோவிந்தா!" என்று கூட்டம் வளைத்துக்கொண்டது. ஒருத்தி கற்பூரம் ஏற்றுகிறாள். இன்னொருத்தி காலில் விழுந்து, "தாயே, எம்பொண்ணுக்கு எப்போ கண்ணாலம்?" என்று கேட்கிறாள். ஐயோ, என் குழந்தை கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறது! முழங்கையால் இடித்துத் தள்ளி உள்ளே பாய்ந்தேன். முந்தானை முடிச்சில் எப்போதும் வெல்லம் வைத்திருப்பேன். அதை அவிழ்த்தபோது அலமேலு கையைப் பிடித்துக்கொண்டாள். "வாணாம் அண்ணி, சாமி வந்த நேரத்துல வாயில ஏதும் போடக் கூடாது!" உதறினேன். அவர் வசந்தாவின் தலையை நிமிர்த்திப் பிடிக்க, கன்னத்தின் உள்பக்கம் வெல்லத்தைத் தேய்த்தேன். தேய்த்தேன், தேய்த்தேன், கண் திறக்கவில்லை. கோவிந்தா கோஷம் வேறு. அந்த நேரத்தில் ஏழுமலையானை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

மெல்ல உதடு அசைந்தது. வெல்லத்தைச் சப்பினாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் ஓவென்று அழுதுவிட்டேன். "இட்லி எங்கடி?" என்றதற்கு, குரங்குக்குப் போட்டுவிட்டாளாம்.

"நான் துன்னாம மலை ஏறினா நைனாவுக்கு இனிமே மாத்தலே வராதுன்னு அத்தை சொல்லிச்சி."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அலமேலு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பாவம், ஊசிக்கும் சோற்றுக்கும் உள்ள கணக்கு அவளுக்கு எப்படித் தெரியும்?

மறுபடியும்

லீவு முடிவதற்குள்ளேயே உத்தரவு வந்தது: பூனா. இந்தத் தடவை குடும்பத்தோடு. பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் இருவரும் முழித்துக்கொண்டிருந்தோம். அதற்குள் காதில் வாங்கிக்கொண்ட வசந்தா போய்ப் பானையை எடுத்து மணலை நனைத்தாள். பிறகு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"துன்னாலும் மாத்தல் வருது, துன்னாட்டியும் வருது. போடும்மா, துன்னுட்டே போவலாம்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேண்டுதல் உண்டு, விரதம் உண்டு, ஆனால் எந்தச் சாமியானாலும் என் மகள் சாப்பிட்டுக் கை கழுவும்வரை வெளியே காத்திருக்க வேண்டியதுதான்.