பைப் என்றால் குழாய்

எங்கள் வீட்டில் எது பழுதானாலும் திருத்துவதற்கு ஒரே வழிதான். மனைவி தன் அண்ணனுக்குத் தொலைபேசி எடுப்பார். மச்சான் மொன்ட்ரியாலின் மறுகோடியான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து மூன்று கருவிப்பெட்டிகளோடு காரில் வந்து இறங்குவார். நான் டோர்ச் பிடிப்பேன். ஐந்து அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவனுக்கு ஒரு குறடு கிடையாது.

அதனால்தான், வீட்டில் பியர் காய்ச்சும் சாமான்களை வாங்கியபோது ஒரு முடிவெடுத்தேன். இதையாவது நானே பொருத்திப் பூட்ட வேண்டும். மச்சான் வரக்கூடாது.

பூட்டுவதற்கு அதிகமில்லை. பியருக்கான பார்லிச் சாற்றைப் பெரிய கிடாரத்தில் கொதிக்க வைத்தபின் சட்டென்று ஆற்ற வேண்டும்; மெல்ல ஆறினால் வேண்டாத கிருமிகள் குடிவந்துவிடும். அதற்கென்று ஒரு செப்புச் சுருள் இருக்கிறது. அதை அந்தக் கிடாரத்துக்குள் இறக்கி, அதனூடாகக் குளிர்ந்த நீரை ஓடவிட வேண்டும். சுருளின் ஹோஸைச் சமையலறைக் குழாயில் பூட்டவும் என்று செய்முறைத் தாளில் ஒரே வரி. ஹோஸின் வாய் பெரிது, குழாயின் வாய் சிறிது என்பதைத் தாள் சொல்லவில்லை.

"இஞ்சாருங்கோ, நாங்கள் இருக்கிறது மேல் வீடு" என்றார் மனைவி. "கீழை இருக்கிற மனிசியின்ரை சீலிங்கிலை ஒரு சொட்டு இறங்கினாலும் அண்ணைக்கு போன் அடிப்பன்."

மொன்ட்ரியால்-நோரில் எங்கள் தெருமுனையில் ஒரு இரும்புச் சாமான் கடை உண்டு. கண்ணாடியைக் கழுத்துக் கயிற்றில் தொங்கவிட்ட ஒரு முதிய பெண்மணி அங்கே நிற்பார். பிரெஞ்சு வகுப்பில் குழாய்க்கு 'ரோபினே' என்று படித்திருந்தேன். தமிழ்க் கூட்டங்களில், "பைப் இல்லை, குழாய்" என்று பிறரைத் திருத்துகிற ஆளும் நானே. ஆனால் அவர் முன்னால் நின்றபோது, ரோபினேயும் வரவில்லை, குழாயும் வரவில்லை. அம்மா சொல்லித் தந்த சொல்தான் வந்தது.

"பைப்புக்கும் ஹோஸுக்கும் நடுவில் பூட்ட ஒன்று வேண்டும்" என்றேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

அவர் யோசிக்காமல் ஒரு பித்தளைத் துண்டை எடுத்துத் தந்தார். அவர்மீது பிழையில்லை. உலகத்துக்கு பைப் என்பது சுவருக்குள் ஓடுவது. திருகினால் தண்ணீர் வருவதையும் பைப் என்று சொல்வது நாங்கள்தான்.

வீட்டுக்கு வந்து, குழாயின் வாயில் இருந்த சல்லடை வளையத்தைக் கழற்றிப் பித்தளையை வைத்துத் திருகினேன். ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. இறுகிவிட்டது என்று நம்பினேன். இரண்டின் திருகு மரைகளும் ஒன்றையொன்று அறியாதவை என்பது குழாயைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் கீழே போகவே இல்லை. பக்கவாட்டாகப் பாய்ந்து, புட்டுக்கென்று வறுத்து மேசையில் ஆறப் போட்டிருந்த மாவில் இறங்கியது.

மனைவி மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கைத்தொலைபேசியை எடுத்தார்.

"ஒரு மணித்தியாலம் தாரும்" என்றேன்.

"அண்ணை கோயிலிலை நிக்கிறார், பூசை முடியாமல் போன் எடுக்கமாட்டார்" என்றார். "அதாலை தப்பினீங்கள். கெதியாக் கடைக்குப் போட்டு வாங்கோ."

இரண்டாம் முறை கடைக்குப் போனபோது நான் வாயே திறக்கவில்லை. சல்லடை வளையத்தையும் ஹோஸின் முனையையும் மேசையில் வைத்துவிட்டு நின்றேன். அந்தப் பெண்மணி கண்ணாடியை மூக்கில் ஏற்றினார்.

"ஆ! லா ஷாம்ப்ளூர்!" என்றார். சமையலறைக் குழாய்க்கு இந்த ஊர்ப் பழைய ஆட்களின் சொல்லாம் அது. அவருக்கும், வகுப்பில் இல்லாத சொல்லைச் சொல்லித் தந்த ஒரு அம்மா இருந்திருக்கிறார்.

இம்முறை தந்த துண்டு நாலு சுற்றுச் சுற்றி, ரப்பர் வாசரில் போய் மெத்தென்று உட்கார்ந்தது. மனைவி கீழே ஒரு டிஷ்யூவை விரித்துவிட்டுக் கைகட்டி நின்றார். திறந்தேன். ஹோஸ் ஒருமுறை துள்ளியது. பத்து நிமிடம். டிஷ்யூவில் ஒரு பொட்டு ஈரமில்லை.

அன்றைக்கே காய்ச்சினேன். ஜனவரிக் குழாய்த் தண்ணீர் பனிக்கட்டிக்கு அடுத்த வீடு. கொதித்த கிடாரம் கால் மணித்தியாலத்தில் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்துவிட்டது. இந்த ஊர்க் குளிர் எனக்குச் செய்த முதல் உதவி.

பின்னேரம் மச்சான் தானாகவே போன் எடுத்தார். மனைவி சொன்னது எனக்குக் கேட்கும்படி இருந்தது. கேட்கவேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்.

"இல்லையண்ணை, வரத் தேவையில்லை. இவரே பூட்டிப்போட்டார்."

ஒரு மாதம் கழித்து மச்சான் பியர் குடிக்க வந்தார், கருவிப்பெட்டி இல்லாமல். கிளாஸை வாங்கியவர் நேரே சமையலறைக்குப் போய், நான் பூட்டிய இடத்தின் அடியில் விரலை வைத்துத் தடவினார். விரலைப் பார்த்தார். மறுபடியும் தடவினார்.

"காய்ஞ்சு கிடக்கு" என்றார், சற்று ஏமாற்றத்தோடு.

"பியர் எப்படி?" என்றேன்.

"பியரை விடும். அது பார்லித் தண்ணிதான். ஆனால் மச்சான், பைப்பை நல்லாத்தான் பூட்டியிருக்கிறீர்."

பைப் இல்லை, குழாய் என்று நான் அவரைத் திருத்தவில்லை.