மீனுக்குப் போட்ட சாம்பிராணி

புகை போட்டுச் சமைக்கும் வேலைக்கு நான் ஆசைப்பட்டு வந்தவன் இல்லை. என் மகளின் ஆசை என்னை அதில் கொண்டுவந்து விட்டது. அவள் விரும்பியது பர்மாவின் வடக்கே கச்சின் மலையில் பிறந்த ஒரு பையனை. அவனும் அவன் தாயும் ஊரைவிட்டு வந்து ஒரு வருஷமாக எங்கள் நகரத்துத் தாகேதா பேட்டையில் ஓர் அறையில் குடியிருந்தார்கள். பையனிடம் குறை சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் மனதை அறுத்தது. அவர்கள் ஊரில் குளிர் அதிகம். அடுப்புக்கு மேலே மூங்கில் தட்டி கட்டி, மாட்டிறைச்சியைத் தொங்கவிட்டு, குளிர்காலம் முழுக்கப் புகையில் வைத்துச் சாப்பிடுவார்களாம். எங்கள் வீட்டில் அம்மன் படம் மாட்டிய நாளிலிருந்து மாடு வாசல்படி ஏறியதில்லை. அந்த வீட்டுக்கு வாழப்போனால் என் மகள் கையால் அதை அறுக்க வேண்டி வருமோ?

"ஒருநா அந்தம்மா நம்ம வீட்டுல வந்து சாப்பிடட்டும். அப்புறம் சொல்றேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

அவர்களுக்குப் பிடித்த புகை ருசியை மாடு இல்லாமலே கொடுத்துக் காட்டிவிட்டால் பேச்சு சுலபமாகும் என்பது என் எண்ணம். விரால் மீன் வாங்கினேன். கரண்ட் நிலையில்லாததால் நாங்கள் குடியிருக்கும் தின்கன்ஜூன் பக்கம் எல்லார் வீட்டிலும் கரியடுப்பு உண்டு. எண்ணெய் டின்னை மேலும் கீழும் வெட்டி, அடுப்பின் மேல் நிறுத்தி, குறுக்கே கம்பி போட்டு மீனைத் தொங்கவிட்டு, ஈரச்சாக்கால் மூடினேன். முதல் தடவை தணல் கூடிப்போய் மீன் வெந்து நெருப்பிலேயே விழுந்தது. இரண்டாம் தடவை நன்றாகத்தான் வந்தது. மலையில் செய்கிற மாதிரி அப்படியே தொங்கட்டும் என்று விட்டேன். மறுநாள் காலை பிசுபிசுத்து நாறிவிட்டது.

பையனுக்குப் போன் போட்டேன். நாங்கள் பேசுவது பர்மியத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"மாமா, அங்கே காத்தே ஐஸ்பெட்டி மாதிரி. இங்கே மழைக்காலம். உப்பைக் கூட்டிப் போடுங்க, அன்னைக்கே சாப்பிட்டுடுங்க."

அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்த ஞாயிற்றுக்கிழமை காலை மூன்றாவது தடவை. தேங்காய் மட்டைப் புகையில் மீன் நல்ல தேன் நிறமாக வந்தது. வாசனைதான் போதவில்லை என்று பட்டது. வெள்ளிதோறும் வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுகிற கை, பழக்கத்தில் டப்பாவைத் தேடிப் போனது.

"ஏங்க, அது சாமிக்குப் போடுறது" என்றாள் மனைவி.

"வாசம்தானே? விருந்தாளிக்குப் போட்டா சாமி கோவிக்குமா?"

"விருந்தாளிக்கு எங்க போடுறீங்க? விராலுக்குல்ல போடுறீங்க."

கேட்காமல் ஒரு கை அள்ளித் தணலில் போட்டேன்.

சர்ச் முடிந்து மத்தியானம் வந்தார்கள். சோற்றைத் தொடுமுன் அந்த அம்மா கண்ணை மூடி, தன் பாஷையில் வெகுநேரம் ஜெபம் செய்தார். நானும் கையைக் கூப்பிக்கொண்டேன். பிறகு மீனைப் பிய்த்து வாயில் போட்டு மெதுவாக மென்றார்.

"அண்ணே, இந்த மீனு எத்தன நாளா கோயில்ல இருந்துச்சு?"

மனைவி சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் போய்விட்டாள். நானும் வாயில் வைத்துப் பார்த்தேன். பூஜை அலமாரியை நக்கின மாதிரி இருந்தது. அந்த வெட்கத்தில் சுற்றிவளைத்துப் பேச எனக்கு வரவில்லை. மனதில் இருந்ததை அப்படியே கேட்டுவிட்டேன்: "எம்பொண்ணு உங்க வீட்டுல மாட்டுக்கறி அறுக்கணுமா?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தாய் தட்டை ஓரமாக வைத்தார்.

"நான் சாப்பிடுவேன். விட்டுடறேன்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். அந்தக் குளிர்ல எங்க வயித்த நிறைச்சது அதுதான். ஆனா எனக்குத் தனி அடுப்பு, தனி சட்டி. உங்க பொண்ணு அதைக் கழுவக்கூட வேண்டாம். வெள்ளிக்கிழமை அந்த அடுப்பை மூட்டவே மாட்டேன். உங்க வழக்கத்தை அவகிட்ட கேட்டுக்கிட்டேன்."

'விட்டுவிடுகிறேன்' என்ற சொல்லைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். அது வராததில் கொஞ்சநேரம் மனம் கசந்தது உண்மை. பிறகு யோசித்தேன். நல்ல பேர் வாங்க, சாமிக்கு வைத்ததை மீனுக்குப் போட்டவன் நான். அந்த அம்மாவோ, மகன் கல்யாணமே நின்றுபோகலாம் என்று தெரிந்தும் ஒரு பொய் சொல்லவில்லை. இப்போது பொய் சொல்லாதவர் நாளைக்கு என் பிள்ளையிடமும் சொல்லமாட்டார். தாயே, நீதான் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று அம்மனிடம் சொல்லிக்கொண்டேன்.

"வெத்தலத் தட்டை எடுத்துட்டு வாம்மா" என்று உள்ளே குரல் கொடுத்தேன். எங்களுக்குச் சம்மதம் என்றால் அதுதான்.

மகள் கதவுக்குப் பின்னால் தட்டோடுதான் நின்றிருந்தாள். பாக்குகூட வெட்டி வைத்திருந்தாள்.